உங்களுக்குத் தெரியுமா? – கேசட்டிலிருந்து டிவிடிக்கு!

● ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976இல் விஎச்எஸ் வீடியோ கேசட்டை அறிமுகப்படுத்தியது. அரை அங்குல அகல பிளாஸ்டிக் நாடாவில் பூசப்பட்ட காந்தத் துகள்களில்தான் படமும் ஒலியும் பதிகின்றன.

● டிவிடிக்கு மாற்றக் குறுக்குவழி கிடையாது. கல்யாண கேசட் 3 மணி நேரம் என்றால், 3 மணி நேரமும் ஓடவிட்டே பதிய வேண்டும்.

● 4.7 ஜிபி டிவிடியில் நல்ல தரத்தில் சுமார் 2 மணி நேரப் படம் அடங்கும்.

● ஈரக்காற்று பட்டால் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். அதை அப்படியே ஓட்டினால், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும்.

● கேசட்டை ஓட்டும் விசிஆர் கருவியைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

● டிவிடியும் கீறல் விழுந்தால் போச்சு! ஹார்ட் டிஸ்கிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.