100.5-க்கு ஐந்து பைட்

அருப்புக்கோட்டைத் தறி வீடுகளிலும் திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டு டீக்கடைகளிலும் ரேடியோ என்றால் முதலில் நினைவுக்கு வருவது கொடைக்கானல் பண்பலை, 100.5 மெகாஹெர்ட்ஸ். மலைக்கும் அருப்புக்கோட்டைக்கும் நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்கு மேல். பண்பலை ஏறக்குறைய நேராகவே போகும் சுபாவம் கொண்டது. இரண்டாயிரம் மீட்டர் உயரத்திலிருந்து புறப்படுவதால்தான் இந்தச் சமவெளி வரை எட்டுகிறது.

பழைய ரேடியோவில் குமிழைத் திருகினால் நூல் இழுபடும், முள் நகரும், உள்ளே கேங் கண்டென்சரின் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். சரியான இடம் எது என்று சொன்னது காது. இன்று பென்டிரைவ் செருகும் பெட்டி ரேடியோவில் பொத்தானை அழுத்தினால், ஒரு சில்லு இன்னொரு சில்லுக்கு ஓர் எண்ணை எழுதி அனுப்புகிறது. அவ்வளவுதான் ட்யூனிங்.

எந்த எண்? பிலிப்ஸ் உருவாக்கிய டிஇஏ5767 என்ற சில்லைப் பார்க்கலாம். மின்னணுச் சுற்று கட்டிப் பழகும் மாணவர்களிடம் நிறையப் புழங்குவது இது. மின்னழுத்தத்துக்கு ஏற்ப வேகம் மாறும் அலையியற்றி ஒன்று இதற்குள் இருக்கிறது. துணைக்கு, கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே 32,768 ஹெர்ட்ஸ் படிகம். அலையியற்றியின் அதிர்வெண்ணை ஓர் எண்ணால் வகுத்துப் படிகத்தோடு ஒப்பிடுவார்கள். முந்தினாலும் பிந்தினாலும், இரண்டும் ஒத்துப்போகும்வரை மின்னழுத்தம் திருத்தப்படும். பிஎல்எல் என்பது இதுதான். நிலையத்தை மாற்ற, வகுக்கும் எண்ணை மாற்றினால் போதும்.

இந்தச் சில்லு நிலையத்தின் அலையை 225 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிக் கேட்கிறது. எனவே 100.5-ஐப் பிடிக்க உள்ளே 100.725 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். சில்லின் ஒரு படி, படிகத்தில் நாலில் ஒரு பங்கு: 8,192 ஹெர்ட்ஸ். வகுத்தால் 12,295.53 வருகிறது. பின்னத்தை அனுப்ப வழியில்லை. 12,296 என்று வைத்தால் 3.8 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். பண்பலை எண்களே 100 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நகர்வதால் காதுக்கு இது தெரியாது.

12,296-ஐ இரும எண்ணில் எழுதினால் 11000000001000, பதினான்கு இலக்கம். இதைக் கொண்டுபோக இரண்டே கம்பிகள்: ஒன்றில் கடிகாரத் துடிப்பு, மற்றதில் தரவு. 1980களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் கொண்டுவந்த ஐ2சி முறை இது. முதலில் சில்லின் முகவரி 1100000, அதோடு ‘எழுதப் போகிறேன்’ என்பதற்கு ஒரு 0. பிறகு ஐந்து பைட்டுகள். ஜக்கார்டு தறியின் அட்டையில் எந்தத் துளை எந்த இழையைத் தூக்கும் என்பது முன்பே முடிவானது போல, இங்கும் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு வேலை. ஒலியை அடக்க ஒன்று, தானாகத் தேட ஒன்று. இரண்டையும் 0 ஆக்கி முன்னால் வைத்தால் முதல் இரு பைட்டுகள் 00110000, 00001000. நான்காம் பைட்டில் படிகத்துக்கான இலக்கத்தை 1 ஆக்காமல் விட்டால், தன்னிடம் இருப்பது 13 மெகாஹெர்ட்ஸ் படிகம் என்று சில்லு எண்ணிக்கொள்ளும். அப்புறம் எந்த நிலையமும் கிடைக்காது.

ஒவ்வொரு பைட் முடிந்ததும், ஒன்பதாம் துடிப்பில் சில்லு தரவுக் கம்பியைத் தாழ்த்தி ‘வந்தது’ என்கிறது. புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் இதைப் பார்த்தே திருப்திப்பட்டுவிடுவது உண்டு. வந்து சேர்ந்தது எண் மட்டும்; நிலையம் கிடைத்ததா என்பது வேறு கேள்வி. அதற்குச் சில்லிடமிருந்து ஐந்து பைட்டுகளைத் திரும்பப் படிக்க வேண்டும். சிக்னலின் பலம் 0 முதல் 15 வரை ஓர் எண்ணாக வரும். 225 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிய இடைநிலை அலையின் எண்ணிக்கை 49-க்கும் 62-க்கும் இடையில் இருந்தால் ட்யூனிங் சரி.

ஆர்டிஏ5807 என்ற மலிவான சில்லில் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. 87 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100 கிலோஹெர்ட்ஸ் படிகளில் எத்தனையாவது படி என்று சொன்னால் போதும், மீதியை அதுவே போட்டுக்கொள்ளும். கொடைக்கானலுக்கு 135, மதுரை வானொலியின் 103.3-க்கு 163. எண்ணோடு ‘ட்யூன் செய்’ என்ற இலக்கத்தையும் 1 ஆக்க வேண்டும். மறந்தால் 163 பதிவேட்டில் சும்மா கிடக்கும், ஸ்பீக்கரில் பழைய நிலையமே ஓடும்.