லேப்டாப் திரை மங்குதா? தூக்கி போடாதீங்க!

கோவை:
தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய இலவச லேப்டாப்களை காந்திபுரம் பக்கம் இன்னும் சில வீடுகளில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

பழைய லேப்டாப்பில் விண்டோஸ்-7 புதிதாக ஏற்றியதும் எழுத்து பெரிசாக, மங்கலாக தெரிகிறதா? திரை கெடவில்லை. டிஸ்பிளே டிரைவர் இல்லாததே பெரும்பாலும் காரணம். கம்பெனி இணையதளத்தில் மாடல் எண்ணை போட்டு, அதை இறக்கி ஏற்றினால் சரியாகிவிடும்.

மூடியை அசைக்கும்போது படம் துடித்தால் கேபிள் கோளாறு. திரை கறுப்பானால் டார்ச் அடித்து பாருங்க. லேசாக படம் தெரிந்தால் பேக்லைட் எரியவில்லை. ஒன்றுமே தெரியலையா? வேறு மானிட்டரில் மாட்டுங்க. அதில் படம் வந்தால் போர்டு பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். 'போர்டு போச்சு' என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் உஷார்!

விண்டோஸ்-7க்கு மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14-ந்தேதியோடு பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டது. அதனால் பேங்க் வேலை மட்டும் அதில் வேண்டாம்.