அறிவியல் புனைகதையும் மிகுபுனைவும்: தமிழாசிரியர்க்கு ஐந்து பரிந்துரைகள்

முன்னுரை

மாணவர்கள் வாசிப்பதில்லை என்னும் மனக்குறை தமிழாசிரியர் கூடும் இடங்களில் அடிக்கடி எழுகின்றது. நம் வகுப்பறைப் பட்டறிவு இதனை முழுமையாக ஏற்கவில்லை. ஐந்நூறு பக்க நாவலை ஒரே வாரத்தில் படித்து முடிக்கும் மாணவர்கள் நம்மிடையே உள்ளனர். ஆயின் அவர்கள் ஆங்கிலத்தில் படிக்கின்றனர். அவர்கள் விரும்பிப் படிப்பனவற்றுள் அறிவியல் புனைகதைகளும் மிகுபுனைவுகளும் பல. அவற்றைப் பற்றித் தமிழாசிரியரிடம் அவர்கள் பேசுவதில்லை. 'இவையெல்லாம் சிறுபிள்ளைக் கதைகள்' என்னும் மறுமொழியே கிட்டும் என எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தோன்ற நாமும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆகவே, ஆசிரியர்கள் முதலில் தாமே படித்துப் பார்க்கத்தக்க ஐந்து நூல்களை இக்கட்டுரை பரிந்துரைக்கின்றது.

வகைமையும் தேர்வு அடிப்படையும்

அறிவியலால் இயலக்கூடும் எனக் கருதத்தக்க ஒன்றை அடித்தளமாகக் கொள்வது அறிவியல் புனைகதை. இயற்கை விதிகளைக் கடந்த ஓர் உலகைப் படைத்து, அவ்வுலகிற்கெனத் தனி விதிகளை வகுத்துக்கொள்வது மிகுபுனைவு. 'இவையெல்லாம் நம் இதிகாசங்களிலேயே உள்ளன' எனக் கூறுவாரும் உளர். புட்பக விமானம் எவ்வாறு பறந்தது என இராமாயணம் வினவுவதில்லை. வினவ வேண்டிய தேவையும் அக்காப்பியத்திற்கு இல்லை. அறிவியல் புனைகதையோ அவ்வினாவிலிருந்தே தொடங்குகின்றது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டால் இரண்டையும் அவற்றிற்குரிய இடத்தில் வைத்து மதிக்க இயலும்.

தேர்வுக்கு இரண்டு அளவுகோல்களைக் கொண்டோம். படைக்கப்பட்ட உலகின் விதிகள் இறுதிவரை முரணின்றி நிற்க வேண்டும். அவ்வுலகம் நம் வாழ்வைப் பற்றிய வினா ஒன்றை எழுப்ப வேண்டும்.

சுல்தானாவின் கனவு

வங்கத்தைச் சேர்ந்த பேகம் ரொக்கையா ஆங்கிலத்தில் எழுதிய இக்குறும்புனைவு, 1905ஆம் ஆண்டு சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் வெளியானது. இதில் பெண்கள் நாட்டை ஆளுகின்றனர். ஆண்கள் வீட்டிற்குள் திரைமறைவில் வாழ்கின்றனர். கதிரவன் வெப்பத்தால் சமையல் நடைபெறுகின்றது. மக்கள் வான ஊர்தியில் செல்கின்றனர். படையெடுத்து வந்த பகைவர்மீது ஒருமுகப்படுத்திய கதிரவன் ஒளியைப் பாய்ச்சிப் பெண்கள் வெல்கின்றனர். அறிவியற் கல்வி பெண்கள் கைக்கு வந்தால் என்ன நிகழும் என்பதே இதன் வினா. பெண்களுக்குப் பள்ளி நிறுவிய ஒருவர் இவ்வினாவை எழுப்பினார் என்பது கருதத்தக்கது. ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். பாரதியின் பெண் விடுதலைச் சிந்தனையோடு ஒப்பிட்டுக் கற்பிக்கவும் ஏற்றது.

தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்

1956 முதல் 2008இல் மறையும் வரை இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கின் இந்நாவல் 1979இல் வெளிவந்தது. ஹியூகோ, நெபுலா என்னும் இரு விருதுகளையும் பெற்றது. புவியிலிருந்து விண்ணுக்கு ஏறும் மின்தூக்கி ஒன்றைப் பொறியாளர் ஒருவர் அமைக்க முற்படுகிறார். புவியோடு இணைந்து சுழலும் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டிற்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும். ஆகவே அதனோடு இணையும் தூக்கியின் அடித்தளமும் நிலநடுக்கோட்டில் அமைதல் நலம். இதன்பொருட்டுக் கிளார்க் இலங்கையை ஒத்த தம் கற்பனைத் தீவைத் தெற்கே நகர்த்திக்கொண்டார். அடித்தளத்திற்கு உகந்த மலையுச்சியிலோ பழமையான பௌத்த மடம் ஒன்று உள்ளது. சிகிரியாவை நினைவூட்டும் பழங்கால மன்னன் ஒருவனின் கதையும் இதனோடு பின்னப்பட்டுள்ளது. விண்ணைத் தொடும் வேட்கை பக்தியா, செருக்கா என்னும் வினாவுக்கு ஆசிரியர் எளிய விடை தரவில்லை. கதைமாந்தரின் அகவாழ்வு சற்று மெலிந்தே காணப்படுவது இந்நாவலின் குறை.

எ விசார்ட் ஆஃப் எர்த்சீ

அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய இம்மிகுபுனைவு தீவுக்கூட்டம் ஒன்றில் நிகழ்கின்றது. ஒவ்வொரு பொருளுக்கும் உண்மைப் பெயர் ஒன்று உண்டு. அதனை அறிந்தவனே அப்பொருளின்மீது ஆற்றல் செலுத்த இயலும். கெட் என்னும் இளைஞன் செருக்கினால் ஒரு நிழலை உலகினுள் விட்டுவிடுகிறான். அதனை எதிர்கொள்வதே கதை. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு தமிழ் இலக்கண மரபில் வந்தோர்க்குப் புதிதன்று; ஆகவே இந்நாவல் நம் ஆசிரியர்களை எளிதில் ஈர்க்கும். கெட் செம்பழுப்பு நிறத்தவன். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் வெள்ளை நிற நடிகர் அவ்வேடத்தை ஏற்றபோது லெ குவின் வெளிப்படையாகவே கண்டித்தார்.

என் இனிய இயந்திரா

1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் இந்நாவல் நம் பரிந்துரையின் மையம். நிலா என்னும் பெண்ணுக்குக் குழந்தை பெற அரசின் அனுமதி கிடைப்பதில் கதை தொடங்குகின்றது. நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா என மாந்தர் பெயர்கள் யாவும் ஈரெழுத்துப் பெயர்களாய் அமைந்துள்ளமை காண்க. ஜீனோ என்னும் இயந்திர நாய் படிக்கின்றது, சிந்திக்கின்றது, மனிதரைவிடப் பரிவும் காட்டுகின்றது. சுஜாதா கற்பனை செய்த 2021ஆம் ஆண்டு நம்மைக் கடந்து சென்றுவிட்டது. அவர் கூறியவற்றுள் எவை பலித்தன எனக் கணக்கிடுவதில் பயனில்லை. தன் குடிமக்களை முற்றும் அறிந்த அரசின்கீழ் மனிதன் எவ்வாறு வாழ்வது என்னும் வினாவே எஞ்சி நிற்கின்றது.

ஆங்கிலச் சொற்கள் கலந்த நடையைக் காரணம் காட்டிச் சுஜாதாவை வகுப்பறைக்கு வெளியே நிறுத்துவோர் உளர். அவர்தம் தயக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும் அந்நடையைத் திறனாய்வுக்கு உட்படுத்துவதும் மொழிக்கல்வியே. தொடர்ச்சியாகிய 'மீண்டும் ஜீனோ'வையும் உடன் படித்தல் நலம்.

பிளாக் வாட்டர் சிஸ்டர்

மலேசிய எழுத்தாளர் சென் சோ 2021இல் வெளியிட்ட இந்நாவல் பினாங்கில் நிகழ்கின்றது. அமெரிக்காவிலிருந்து திரும்பும் இளம்பெண்ணின் செவியில் இறந்த பாட்டியின் குரல் ஒலிக்கின்றது. சிறு கோயில் ஒன்று நில மேம்பாட்டுத் திட்டத்தால் இடர்ப்படுகின்றது. அங்குள்ள பெண் தெய்வம் சினங்கொண்டு நிற்கின்றது. சீனக் குடும்பத்தின் கதையாயினும், தோட்டக் கோயில்கள் இடம்பெயர்ந்ததைக் கண்ட நமக்கு இது அயலாருடைய கதையாகத் தோன்றவில்லை. தன்பாலின ஈர்ப்பும் வன்முறையும் இடம்பெறுவதால், ஆசிரியர் முன்னரே படித்து, பல்கலைக்கழக மாணவர்க்குப் பரிந்துரைத்தல் ஏற்புடையது.

முடிவுரை

இவ்வைந்தனுள் இடைநிலைப்பள்ளி மாணவர்க்கு லெ குவினும் சுஜாதாவும் பொருந்துவர். நான்கு நூல்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்க, அவற்றைத் தமிழ் ஆய்விதழில் பரிந்துரைப்பது ஏன் என்னும் வினா எழலாம். மாணவன் எம்மொழியில் படித்தாலும், படித்ததைத் தமிழில் எண்ணவும் உரையாடவும் இயலுமாயின் தமிழ் அவனுக்குச் சிந்தனை மொழியாகும். இயலாதெனில் அது தேர்வு மொழியாக மட்டுமே எஞ்சும். தடித்த ஆங்கில நாவலொன்றை மேசையடியில் மறைத்துப் படிக்கும் மாணவனைக் காணும்போது, நூலைப் பறிப்பதை விடுத்து, அதன் கதையைத் தமிழில் கூறுமாறு கேட்போம். அவன் கூறி முடித்தபின் அவன் கையில் 'என் இனிய இயந்திரா'வைக் கொடுப்போம்.