எஃகுக் குழாய் இணைப்பருகே பிளவுறுவது ஏன்?

பழவேற்காட்டு மீனவக் குப்பங்களிலிருந்து கடலோரமாகத் தெற்கே வந்தால், வட சென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் கண்ணில் படும். 1994-இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய நிலையம் அது. இத்தகைய நிலையங்களில் கொதிகலனிலிருந்து டர்பைனுக்குப் பாயும் நீராவியின் வெப்பநிலை ஏறத்தாழ 540 டிகிரி செல்சியஸ். அழுத்தமோ காற்று மண்டல அழுத்தத்தைப் போல் 100 மடங்குக்கும் மேல். இவற்றைத் தாங்கும் எஃகுக் குழாய்கள், வெல்டிங் எனப்படும் பற்றவைப்பு முறையில் துண்டு துண்டாக இணைக்கப்பட்டவை.

எஃகு உருக 1,500 டிகிரி வேண்டுமே, 540 டிகிரி அதை என்ன செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். மீன்வலையின் அடியில் கட்டும் ஈயக் குண்டை எண்ணிப் பாருங்கள். ஈயம் 600 கெல்வினில் உருகும். நம் ஊர்ச் சூடே 300 கெல்வின், அதாவது பாதி. ஆகவே நீண்ட ஈயக் குழாயை இரு முனைகளில் மட்டும் தாங்கி வைத்தால், ஆண்டுகள் செல்லச் செல்லத் தன் எடையாலேயே தொய்ந்துவிடும். 540 டிகிரி என்பது 813 கெல்வின். எஃகின் உருகுநிலை ஏறத்தாழ 1,800 கெல்வின். எனவே அச்சூட்டில் எஃகும் ஈயத்தைப் போலவே மெல்ல மெல்ல நீளும். இதற்கு ‘ஊர்வு’ என்று பெயர்.

பற்றவைக்கும்போது இணைப்பை ஒட்டிய சில மில்லிமீட்டர் அகலப் பட்டை உருகுவதில்லை. ஆனால் கடுஞ்சூடு அடைகிறது. குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகில், ஆலையில் பக்குவப்படுத்திப் பெற்ற உள்ளமைப்பு அங்கே குலைந்து, படிக மணிகள் மிகச் சிறியவையாகின்றன. சாதாரண வெப்பநிலையில் சிறு மணிகள் எஃகுக்கு வலிமை தரும். உயர் வெப்பத்திலோ மணிகளின் எல்லைகள் வழுக்குகின்றன. எல்லைகள் மிகுந்தால் வழுக்கலும் மிகும். இருபுறமும் உறுதியாக நிற்க, இப்பட்டை மட்டும் தளர்கிறது. அதனுள் நுண்குழிகள் தோன்றி, ஒன்றுசேர்ந்து விரிசலாகின்றன. பெரும்பாலும் இது குழாய்ச் சுவரின் உட்பகுதியில் தொடங்குவதால் வெளியே தெரிவதில்லை. பொறியாளர்கள் இதனை ‘நான்காம் வகை விரிசல்’ என்பர்.

பற்றவைப்பில் ஊர்வு முற்றினால் விளைவது என்ன? 1985 ஜூனில் அமெரிக்காவின் மொகாவி அனல் மின் நிலையத்தில் ஒரு நீராவிக் குழாய் நீளவாட்டுப் பற்றவைப்பில் பிளந்தது. ஆறு பேர் மாண்டனர்.

சூடு 10 டிகிரி கூடினாலே குழாயின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகலாம். எனவே வெப்பநிலையைக் கண்காணிப்பது முதற்கடமை. பற்றவைத்தபின் இணைப்பை மீண்டும் சூடேற்றி மெல்லக் குளிரவிட்டு, உள்ளே தங்கிய தகைவைப் போக்குவர். பின்னர் குறித்த காலங்களில் நிலையத்தை நிறுத்தி, மீயொலி அலைகளைச் செலுத்தி விரிசலைத் தேடுவர். எஃகில் சிறிதளவு போரான் சேர்த்தால் இப்பட்டை உறுதிபெறும் என்பதைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் ஆய்வுகளும் காட்டியுள்ளன.

சோதனைக்காக நிலையத்தை நிறுத்தும் நாட்கள் வீணல்ல. குழாயருகே வேலை செய்வோரின் உயிர்ப் பாதுகாப்பு அந்நாட்களைச் சார்ந்தே உள்ளது.