எதிர்த் திசை ரயிலில் ஒரு சட்ட மாணவி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த ஏகப்பட்ட 'அதாவது'களையும், பக்கத்துப் பட்டறையின் கம்ப்ரஸர் சத்தத்தையும் நீக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஏஐ இல்லை, அப்ரைசல் இல்லை, லேஆஃபும் இல்லை. எங்க மண்ணூர்பேட்டையில, எங்க வீட்டுக்கு மூணு வீடு தள்ளி இருக்கிற ஒரு பொண்ணோட பேசினதைப் பத்தித்தான் சொல்லப் போறேன். சட்டப் படிப்பு, கடைசி வருடம். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். அவங்க சொந்தத்துல யாரும் இதுவரை கறுப்பு கோட்டு போட்டதில்லை. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தெருவில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி நாமும் 'வக்கீலம்மா' என்றே வைத்துக்கொள்வோம்.

எனக்கும் அவருக்கும் ஒரே ஸ்டேஷன், பட்டரவாக்கம். காலையில நாங்க எல்லாரும் சென்ட்ரல் போற வண்டிக்கு ஒரு பக்கம் முண்டியடிச்சு நிப்போம். அவர் எதிர்ப் பக்கம் நிற்பார். அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் தாண்டி திருவள்ளூர். அங்கிருந்து திருத்தணி சாலையில் பஸ். இறங்குகிற இடம் பட்டரைபெரும்புதூர். "அண்ணா, உங்களுக்கெல்லாம் கிடைக்காத ஒண்ணு எனக்குக் கிடைக்குது. ஜன்னல் சீட்டு"ன்னு சிரிப்பார்.

ஏன் ஒரு சென்னை சட்ட மாணவி நகரத்தை விட்டு வெளியே போய்ப் படிக்கிறார்? அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

1891ல் தொடங்கிய மெட்ராஸ் லா காலேஜ், ஹைகோர்ட் வளாகத்தை ஒட்டியே இருந்தது. 1990ல் அதற்கு டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி என்று பெயர் வந்தது. 2008 நவம்பர் 12ல் அந்த வளாகத்திற்குள் மாணவர்களிடையே நடந்த சாதி மோதலையும், போலீஸ் வெளியே நின்று பார்த்ததையும் டிவியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நான் அப்போ ஸ்கூல் பையன், அந்த வீடியோ எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அதை விசாரித்த நீதிபதி பி. சண்முகம் ஆணையம் கல்லூரியை இடம் மாற்றச் சொன்னது. மாணவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். ஆனாலும் 2018ல் கல்லூரி இரண்டாகப் பிரிந்து ஒன்று கேளம்பாக்கம் பக்கம் புதுப்பாக்கத்துக்கும், இன்னொன்று திருவள்ளூர் தாண்டி பட்டரைபெரும்புதூருக்கும் போனது.

இடம் மாறியதால் எல்லாமே நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். திருத்தணியில இருந்து வர்ற மாணவருக்குப் பாரீஸ் கார்னரைவிட இதுதான் பக்கம். பழைய சிவப்புக் கட்டடத்தைப் பத்தி உருகவும் எனக்குத் தோணலை. ஆனா நான் கவனிக்காத ஒண்ணை வக்கீலம்மா சொன்னார்: "அண்ணா, உங்களுக்கு காலேஜ்ல லேப் இருந்துச்சுல்ல? எங்களுக்கு கோர்ட்தான் லேப். பழைய ஆளுங்களுக்கு லேப் காம்பவுண்டுக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. கிளாஸ் போர் அடிச்சா நடந்து போய் ஒரு கோர்ட் ஹால்ல உட்கார்ந்துடுவாங்களாம்."

சட்டப் படிப்பு என்றால் செக்‌ஷன் மனப்பாடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பட்டம் முடித்துவிட்டு வந்தால் 3 வருடம், பிளஸ் டூ முடித்து நேராக வந்தால் 5 வருடம். தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு இல்லை, மார்க்தான். கிளாட் எழுதுவது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு. இதுவரை நமக்கும் தெரியும். உள்ளே போனபின் என்ன நடக்கிறது என்பதுதான் சுவாரஸ்யம்.

டார்ட் என்று ஒரு பாடம். ஒப்பந்தம் இல்லாமலேயே ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் தீங்கைப் பற்றியது. அதில் எல்லா மாணவரும் படிக்கும் ஒரு வழக்கு, பாட்டிலுக்குள் நத்தை. ஸ்காட்லாந்தில் ஒரு பெண்மணி இஞ்சி பானம் குடிக்கிறார். காசு கொடுத்து வாங்கியது அவருடைய தோழி. பாட்டிலில் இருந்து அழுகிய நத்தை வந்தது என்பது அவர் புகார். வாங்காதவர் கம்பெனி மேல் வழக்குப் போட முடியுமா? 1932ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை 'முடியும்' என்றது. தயாரிப்பாளருக்கு, கடைசியில் குடிக்கப்போகிறவர் மீதும் கவனக் கடமை உண்டு. டோனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன். "தீர்ப்பு என்னன்னு கேட்டா அரை மார்க்தான் அண்ணா. நீதிபதி எந்தக் காரணத்துக்காக அப்படிச் சொன்னார், அதே காரணம் வேற கேஸுக்குப் பொருந்துமா, அதைத்தான் எழுதணும்." நம்ம பாஷையில சொன்னா, அவுட்புட் முக்கியம் இல்லை, லாஜிக்கைப் பிரிச்சு எடுத்து இன்னொரு இடத்துல ரீயூஸ் பண்ணத் தெரியணும்.

இந்த பேட்ச் மாணவர்களுக்கு ஒரு தனிச் சோதனையும் வந்தது. வக்கீலம்மா 2023-24ல் இந்திய தண்டனைச் சட்டம் படித்தார். 1860ல் எழுதிய சட்டம், 511 பிரிவு. பரீட்சை எழுதிய கையோடு, 2024 ஜூலை 1ல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது, 358 பிரிவுகளோடு. கொலை 302ல இருந்து 103க்குப் போச்சு. 144 தடை உத்தரவு, புதிய நடைமுறைச் சட்டத்தில் 163. நம்ம சினிமா காமெடியெல்லாம் நம்பியிருந்த 420 இப்போ 318ன் உட்பிரிவு 4. இனிமே யாரையாவது '318(4)'ன்னு திட்டினா யாருக்குப் புரியும் சொல்லுங்க.

பழையதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசைப் படிச்சா போதுமேன்னு கேட்டேன். முடியாது. ஜூலை 1க்கு முன்னால் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டத்தின்படிதான் தண்டனை. நம்ம கோர்ட்டுகளின் வேகத்துக்கு அந்த வழக்குகள் இன்னும் பல வருடம் ஓடும். ஆகவே ரெண்டு வெர்ஷனும் தலைக்குள்ள ஓடிட்டே இருக்கணும். லெகஸி கோட் மெயின்டெய்ன் பண்றவங்களுக்கு இந்த வலி தெரியும்.

சரி, லேபுக்கு வருவோம். பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி 3 வருடப் படிப்பில் குறைந்தது 12 வாரம், 5 வருடப் படிப்பில் 20 வாரம் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும். மூட் கோர்ட், அதாவது மாதிரி வழக்காடல், 3 முறை. இதுபோக ஒரு சிவில், ஒரு கிரிமினல் என இரண்டு வழக்குகளின் விசாரணையை நேரில் பார்த்து டைரி எழுத வேண்டும். பேப்பரில் அருமையான ஏற்பாடு. வேறொரு காலேஜில் சட்டம் படித்த என் நண்பன் இந்த டைரியை எப்படி எழுதினான் தெரியுமா? சீனியரின் டைரியை வாங்கி, தேதியை மாற்றி, ஒரே ராத்திரியில் முடித்தான். நான் சிரிக்கலை. ஏன்னா இன்ஜினியரிங்ல என்னோட ரெக்கார்ட் நோட்டும் அப்படித்தான் முடிஞ்சுது.

வக்கீலம்மா காப்பி அடிக்கவில்லை. அதற்குக் காரணம் நேர்மை மட்டும் இல்லை, பக்கத்திலேயே அம்பத்தூர் கோர்ட் இருந்தது என்று அவரே சொல்கிறார். சிவில் வழக்குக்காக ஒரு பாகப்பிரிவினை கேஸைத் தேர்ந்தெடுத்தார். முதல் நாள் காலையில் போய் உட்கார்ந்து மூன்று மணி நேரம் காத்திருந்தார். பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, வாய்தா. அடுத்த முறை எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, மறுபடி வாய்தா. "ஜெய் பீம் பார்த்துட்டு லா சேர்ந்த பொண்ணு அண்ணா நான். கோர்ட்ல யாருமே சத்தமா பேசலை. ஃபேன் சத்தத்துல அவங்க பேசினதே கேட்கலை."

எரிச்சலோட வெளியே வந்தவரை ஒரு வக்கீல் குமாஸ்தா நிறுத்தியிருக்கிறார். "ஏம்மா, ஸ்டூடண்டா? சும்மா உள்ள உட்கார்ந்தா ஒண்ணும் புரியாது, இங்க வா." காஸ் லிஸ்ட்டை எப்படிப் படிப்பது, எந்த வழக்கு இன்றைக்கு உண்மையிலேயே நடக்கும், எது வாய்தாவில் போகும், வக்காலத்தில் எங்கே கையெழுத்து, எங்கே ஸ்டாம்ப், எழுத்துப்பூர்வ பதில் எத்தனை நாளில் தாக்கலாக வேண்டும், எல்லாவற்றையும் டீக்கடை பெஞ்சில் வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் தான் மனப்பாடம் செய்த ஆர்டர் எண்கள் அப்போதுதான் உயிரோடு நடமாடின என்கிறார் வக்கீலம்மா. அந்த குமாஸ்தா சட்டம் படித்தவர் இல்லை, இருபது வருடமாகக் கட்டுகளைச் சுமந்தவர்.

இன்னொன்றும் பார்த்தார். ஹைகோர்ட்டில் ஆங்கிலம், ஆனால் இங்கே சாட்சி சொல்வது தமிழில். நம்ம ஏரியா அக்கா ஒருவர் கூண்டில் ஏறி, கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லி, தன் வக்கீலையே தலையில் கை வைக்க விட்டாராம். அதை எந்த பேர் ஆக்டும் சொல்லித் தராது.

இப்ப பிரச்சினை என்னன்னா, இந்தத் தொழில் பாதி நடப்பது சாயங்காலம். கோர்ட் முடிந்து, தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு மாடி ஆபீஸ்களில் கட்சிக்காரர் வருவார், டிராஃப்ட் ஓடும், சீனியர் திட்டுவார். அங்கேதான் ஜூனியர் உருவாகிறார். பட்டரைபெரும்புதூரில் இருந்து திருவள்ளூர் வந்து, அங்கிருந்து 42 கிலோமீட்டர் சென்ட்ரல் வந்து, பாரீஸ் போய், ராத்திரி மண்ணூர்பேட்டை திரும்ப வேண்டும். வக்கீலம்மா மூன்று வாரம் முயன்றார். அப்புறம் லீவு நாட்களில் மட்டும். அப்பாவோ மாமாவோ வக்கீலாக இருக்கிற வகுப்புத் தோழிக்கு இந்தப் பயணம் தேவையில்லை, சாப்பாட்டு மேசையிலேயே பாதி வகுப்பு நடந்துவிடும். கிலோமீட்டர் எல்லாருக்கும் ஒண்ணுதான், ஆனா எல்லாரையும் ஒரே மாதிரி களைப்பாக்கிறதில்லை.

படிப்பு முடிந்தாலும் உடனே வக்கீல் ஆகிவிட முடியாது. பார் கவுன்சிலில் என்ரோல் பண்ண வேண்டும். முன்பு சில மாநிலங்களில் இந்தக் கட்டணம் 40,000 ரூபாயைத் தாண்டியது. 2024 ஜூலை 30ல் உச்ச நீதிமன்றம், 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் எழுதியிருப்பதற்கு மேல் என்ரோல்மென்ட் கட்டணம் வாங்கக் கூடாது என்றது. பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்சி எஸ்டி பிரிவினருக்கு 125 ரூபாய். இதுபோக அகில இந்திய பார் தேர்வு. 100 கேள்வி, குறிப்பு எழுதாத சட்டப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். "பார்த்து எழுதலாம்னா ஈஸின்னு நினைக்காதீங்க அண்ணா. எங்க பார்க்கணும்னு தெரியணும்ல?" ஸ்டாக் ஓவர்ஃப்ளோ வச்சு வாழ்க்கை ஓட்டின எனக்கு இது புரிஞ்சுது.

கடைசியா, காசு. ஜூனியருக்கு என்ன கிடைக்கும்? 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என்றது. நான் ஆர்வமா, "அப்ப ஓகேதானே?"ன்னு கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை ஆடியோவில் பதிவாகவில்லை. "ஆர்டர் இருக்கு அண்ணா. சேரப் போற முதல் நாள், சீனியர் முன்னாடி ஆர்டர் காப்பியை நீட்டி சம்பளம் கேட்க முடியுமா? நீங்க கேட்பீங்களா?"

அவருடைய கணக்கு வேறாக இருந்தது. படிப்பு முடிந்த உடனே சிவில் நீதிபதி தேர்வு எழுதுவது, இரண்டு வருடம் வீட்டில் இருந்து படிப்பது. 2025 மே 20ல் உச்ச நீதிமன்றம், அந்தத் தேர்வு எழுத 3 வருட வக்கீல் அனுபவம் கட்டாயம் என்று மறுபடி கொண்டுவந்தது. காரணம் நியாயமாகத்தான் இருக்கிறது. கோர்ட்டையே பார்க்காத ஒருவர் நேராக நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தால் திணறுவார். குமாஸ்தா கதையைக் கேட்ட பிறகு நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனா அந்த 3 வருஷத்துக்கு பஸ் பாஸ், சாப்பாடு, தம்பியோட ஃபீஸ் யார் குடுக்கிறது? லேத் ஓட்டுகிற அப்பாவுக்கு ஓவர்டைம் எப்போதும் கிடைப்பதில்லை. ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ரிவ்யூ வேலை இருக்கிறது, ரெஃபர் பண்றேன் என்றேன். ஏசி ஆபீஸ், மாசம் ஒண்ணாந்தேதி சம்பளம். சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே கோர்ட்டிலும் பிராக்டீஸ் பண்ண முடியாது, அது விதி. அங்கே போனால் அந்த 3 வருடம் தொடங்கவே தொடங்காது. அவர் யோசித்துவிட்டு, "டிசம்பர் வரைக்கும் டைம் குடுங்க அண்ணா"ன்னார். நானே ஒரு வாய்தா குடுத்த மாதிரி ஆயிடுச்சு.

ரெக்கார்டிங் முடியற நேரத்துல எதிர்வீட்டு ஆன்ட்டி ஒரு கவரோட உள்ளே வந்தாங்க. வாடகை அக்ரிமென்ட். "வக்கீலம்மா, ஏன் எல்லாரும் 11 மாசம்னே போடுறாங்க? அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டேங்கிறாருடி." வக்கீலம்மா காகிதத்தை வாங்கி, 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டம் பிரிவு 17, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு கட்டாயம், அதைத் தவிர்க்கத்தான் இந்த 11 என்று விளக்கினார். அதோட, தமிழ்நாட்டுல 2019ல நடைமுறைக்கு வந்த புது வாடகைச் சட்டம் வேற கணக்கு சொல்லுது, அதையும் பார்க்கணும் என்றார். ஆன்ட்டி உடனே, "அப்ப நீயே ஒரு நோட்டீஸ் அனுப்பிடேன்"னு சொல்லிட்டாங்க.

"ஆன்ட்டி, நான் இன்னும் என்ரோல் ஆகலை. கையெழுத்துப் போட்டா நான் மாட்டிப்பேன்." கவரைத் திருப்பிக் கொடுக்காமல், அம்பத்தூர் கோர்ட் குமாஸ்தாவின் நம்பரை அதன் பின்பக்கம் எழுதினார். "திங்கட்கிழமை காலையில நானும் அங்கதான் போறேன். கூட வாங்க."