வங்கக் கடல் வணிகம் – 14: கப்பலில் வரும் பால்

தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனியர், 1756-இல் நிக்கோபார் தீவுகளையும் தங்கள் உடைமையாக அறிவித்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். தீவுக் காய்ச்சல் அவர்களை அங்கே நிலைக்க விடவில்லை. 1768-இல் அத்தீவுகளில் ஒன்றான நான்கவ்ரியில் வந்திறங்கிய மொரேவிய மதப்பணியாளர்களும் பலரைப் புதைத்துவிட்டு 1787-இல் கிளம்பிவிட்டார்கள். டென்மார்க் 1845-இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றது. 1868-இல் நிக்கோபார் மீதிருந்த உரிமையையும் விற்றுவிட்டு இந்தக் கடலிலிருந்தே விலகிக்கொண்டது.

அவர்கள் விட்டுப்போனதாகச் சொல்லப்படும் ஒன்று அங்கே பிழைத்துக் கிடந்தது. நான்கவ்ரித் துறைமுகத்தை ஒட்டிய டிரிங்கெட் தீவின் மாடுகள்தான் அவை. மேய்ப்பவர் இல்லை, கட்டிப்போடுபவர் இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தானே பெருகிக் காட்டு மாடுகளாகவே மாறிவிட்டன. 2004 சுனாமி டிரிங்கெட்டைத் துண்டு துண்டாக உடைத்தது. அங்கிருந்த மக்களை அருகிலுள்ள கமோர்ட்டாத் தீவுக்குக் குடிபெயர்த்தார்கள். மாடுகள் தீவிலேயே தங்கிவிட்டன. நிக்கோபாரிகளின் வாழ்க்கை தென்னையையும் பன்றியையும் சுற்றியது. மாட்டைக் கறக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. ஆக, அந்த மாடுகளின் பால் கன்றுகளுக்கே போனது.

தீவை விற்றுவிட்டு ஊர் திரும்பிய டென்மார்க் என்ன செய்தது? பால் எப்படிக் கடல் தாண்டும் சரக்கானது என்ற இந்த வாரக் கேள்விக்கு விடை அங்கேதான் தொடங்குகிறது.

1882: இரண்டு தொடக்கங்கள்

1864 போரில் டென்மார்க் தன் தென்பகுதி மாநிலங்களைப் பறிகொடுத்திருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் ஐரோப்பாவுக்குள் கொட்டத் தொடங்கியது. கோதுமை விற்றுப் பிழைத்த டேனிய விவசாயிக்கு அந்த வழி அடைபட்டது. அவர் மாட்டுக்கு மாறினார். வந்திறங்கிய மலிவுத் தானியத்தையே தீவனமாக்கி, வெண்ணெய் எடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்.

1878-இல் பாலிலிருந்து கொழுப்பைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் புழக்கத்துக்கு வந்தது. அது ஒரு சின்ன விவசாயி தனியாக வாங்கக்கூடிய விலையில் இல்லை. 1882-இல் மேற்கு ஜட்லாந்தின் யெடிங் கிராமத்து விவசாயிகள் கூட்டாகச் சேர்ந்து ஒரு பால்பண்ணை நிறுவினார்கள். அதுதான் டென்மார்க்கின் முதல் கூட்டுறவுப் பால் சங்கம். பத்து, இருபது ஆண்டுகளுக்குள் நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் சங்கங்கள் முளைத்தன. 1901-இல் ஏற்றுமதி வெண்ணெய்க்கு நாட்டுக்கே பொதுவான ஒரு முத்திரை வந்தது. ‘லுர்பாக்’ என்ற பெயரில் உலகம் இன்று வாங்கும் வெண்ணெய் அதன் வாரிசு.

அதே 1882-இல்தான் பூமியின் மறுகோடியில் நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்திலிருந்து ‘டனிடின்’ என்ற குளிரூட்டப்பட்ட பாய்க்கப்பல், உறைந்த இறைச்சியோடு கொஞ்சம் வெண்ணெயையும் ஏற்றிக்கொண்டு லண்டனுக்குப் புறப்பட்டது. அங்கே தொடங்கிய வணிகம், தன் பால் உற்பத்தியில் ஏறத்தாழ 95 சதவீதத்தை வெளிநாட்டுக்கு விற்கும் தேசமாக நியூசிலாந்தை ஆக்கியிருக்கிறது. 2001-இல் உருவான அங்குள்ள ஃபான்டெர்ரா நிறுவனமும் விவசாயிகளின் கூட்டுறவுதான்.

பாலை ஏற்றுமதி செய்து வாழும் நாடுகளின் கதையில் இரண்டு அம்சங்கள் மாறாமல் வருகின்றன. கறப்பவரே பண்ணையின் உரிமையாளராக இருக்கிறார். கடலைத் தாண்டும் வரை பால் கெடாமல் காக்கும் வித்தை அவர் கையில் இருக்கிறது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் நாட்டைப் பார்ப்போம்.

உலகின் முதலிடம், ஏற்றுமதியில் கடைசி வரிசை

உலகிலேயே அதிகம் பால் கறக்கும் நாடு இந்தியா. 1998-இலிருந்து அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 2023-24-இல் நம் உற்பத்தி 23.93 கோடி டன். உலகப் பாலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அதே ஆண்டில் நாம் ஏற்றுமதி செய்த பால் பொருட்கள் சுமார் 64 ஆயிரம் டன், மதிப்பு சுமார் 2,260 கோடி ரூபாய். ஏற்றுமதியான தூளையும் நெய்யையும் பாலாக மாற்றிக் கணக்கிட்டாலும், கறந்ததில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2021-22-இல், ஏற்றுமதி ஒரு லட்சம் டன்னைத் தாண்டியிருந்தது. உலகச் சந்தையில் விலை ஏறினால் நம் சரக்கு போகிறது, இறங்கினால் கிடங்கிலேயே தேங்குகிறது.

தேங்கினால் என்ன ஆகும் என்பதை 2018 காட்டியது. பால் பவுடர் விற்காமல் குவிந்தது, கொள்முதல் விலை சரிந்தது, மகாராஷ்டிர விவசாயிகள் பாலைச் சாலையில் கொட்டினார்கள். நோய்த் தடைகளும் உண்டு. கோமாரி நோய் இருக்கும் நாட்டுப் பாலைப் பணக்கார நாடுகள் எளிதில் உள்ளே விடுவதில்லை. அதனால்தான் 2019 செப்டம்பரில் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. இன்னொரு பக்கம், வெளிநாட்டுப் பால் பவுடர் வரியில்லாமல் உள்ளே வந்துவிடுமோ என்ற அச்சமும் சேர்ந்தே, அதே ஆண்டு நவம்பரில் ஆசிய-பசிபிக் நாடுகளின் பெரிய வணிக ஒப்பந்தத்திலிருந்து இந்தியாவை விலக வைத்தது. அந்த முடிவு சரியென்றே நான் கருதுகிறேன். நம் பால் கோடிக்கணக்கான வீடுகளில் ஒன்றிரண்டு மாடுகளிலிருந்து வருகிறது. அந்த வீடுகளைப் பணயம் வைத்து எந்த ஏற்றுமதியும் வேண்டாம்.

ஆனாலும் ஏற்றுமதிக் கனவு நமக்கு இருக்கிறது. இருக்கவும் வேண்டும். அந்தக் கனவுக்கு ஒரு பரீட்சைக் களம் நம் கொடியின் கீழேயே இருக்கிறது. சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் தாண்டி, அந்தமான்.

ஹாடோ ஜெட்டியில் இறங்கும் மூட்டைகள்

அந்தமானின் தலைநகர் போர்ட் பிளேரின் பெயர் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். ஊர்க்காரர்கள் பேச்சில் இன்னும் பழைய பெயர்தான். சென்னையிலிருந்து கப்பல் அங்குள்ள ஹாடோ ஜெட்டிக்கு வந்து சேர ஏறக்குறைய மூன்று நாள். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்கள்தொகை 3.8 லட்சம். அவர்களில் நூற்றுக்கு சுமார் 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். டீக்கடைகளில் தமிழ்க் குரல் கேட்காத தெருவைத் தலைநகரில் காண்பது கடினம். அந்த டீக்கடைகளுக்கும் வீடுகளுக்கும் போகும் பாலின் பெரும்பகுதி தூளாகவும் டெட்ரா பேக்காகவும் கடல் தாண்டித்தான் வருகிறது. 2023-24-இல் நாட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைத்த பால் சராசரி 471 கிராம். தீவில் கறக்கும் பாலைத் தீவு மக்களுக்குப் பங்கிட்டால் அந்தச் சராசரியின் அருகில்கூட வராது.

தூளிலிருந்து பால் எப்படி ஆகிறது என்று பார்ப்போம். 100 கிலோ சமன்படுத்திய பால் வேண்டுமானால் சுமார் 9 கிலோ கொழுப்பு நீக்கிய பால் பவுடர், 3 கிலோ வெண்ணெய்க் கொழுப்பு. மீதி 88 கிலோ தண்ணீர். வெதுவெதுப்பான தண்ணீரில் தூளைக் கரைத்து, கொழுப்பைச் சேர்த்து, கட்டியில்லாமல் ஒன்றாக்கி, சூடேற்றிக் குளிரவைத்துப் பாக்கெட்டில் அடைக்கிறார்கள். 100 கிலோவுக்குப் பதில் 12 கிலோவைக் கப்பலில் ஏற்றினால் போதும். வணிகக் கணக்குக்கு இதைவிட எளிய வழி கிடையாது.

அந்த 88 கிலோ தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தலைநகரின் குடிநீருக்கு முதன்மை ஆதாரம் தனிக்காரி அணை. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவில், மார்ச், ஏப்ரல் வந்தால் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருவதே பெரிது. அதே மழையில் வளரும் புல்லை ஒரு மாடு தின்றால், தண்ணீரும் சத்துமாகப் பால் தொழுவத்திலேயே கிடைத்துவிடும். இதைக் கணக்கில் சேர்க்காமல் “பவுடர்தான் மலிவு” என்பது பாதிக் கணக்கு.

சிப்பிகாட் தொழுவத்தில்

தலைநகருக்கு அருகே, சிப்பிகாட் பக்கம் நான்கைந்து கறவைகள் வைத்திருக்கும் ஒரு தமிழ் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். சுனாமியின்போது தெற்கு அந்தமானின் நிலம் தாழ்ந்து, அந்தப் பகுதியின் நெல் வயல்களில் கடல் நீர் ஏறியது. வயல் போனதும் வைக்கோலும் போனது.

“பால் விக்கறதுல கஷ்டமே இல்ல தம்பி, வாசல்லயே வாங்கிட்டுப் போயிடுவாங்க. தீவனந்தான். தவிடு, புண்ணாக்கு எல்லாம் மெயின்லேண்ட்ல இருந்து வரணும். கப்பல் ரெண்டு நாள் லேட்டானா இங்க மூட்டைக்கு விலை ஏறிப்போகும். பால் விலைய நான் அப்படி ஏத்த முடியுமா?”

கூடுதலாக ஒரு மாடு வாங்கலாமே என்று கேட்டேன்.

“சினை ஊசி போட ஆள் வரணும், மடி வீங்கினா டாக்டர் வரணும். எல்லாம் சமயத்துக்கு நடந்தா வாங்கலாம். இல்லேன்னா இருக்கறதே போதும்ப்பா.”

தீவுப் பால் தொழிலின் நிலைமை முழுவதும் இந்த இரண்டு பதிலில் அடங்கிவிட்டது. சந்தை இருக்கிறது, விலையும் கிடைக்கிறது. தீவனமும் மருத்துவமும் கப்பலையும் அதிர்ஷ்டத்தையும் நம்பி இருக்கின்றன.

தீர்வு அறிவியலுக்குத் தெரியாததில்லை. தீவுகளின் நிலப்பரப்பில் பெரும்பகுதி காடு, அதில் கை வைக்கக் கூடாது. ஆனால் தென்னந்தோப்புகள் இருக்கின்றன. மரத்துக்கும் மரத்துக்கும் இடையில் வெயில் விழும் இடத்தில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் போடலாம். வேலியோரம் அகத்தியும் கிளிரிசிடியாவும் வளர்க்கலாம். இப்படிப்பட்ட வழிகளை ஆராயவே 1978-இலிருந்து மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் போர்ட் பிளேரில் இயங்குகிறது. ஆனால் அது மட்டும் போதாது; புல்லை நட்டவருக்கு அதனால் கிடைக்கும் பாலை நாள்தோறும் எடுத்துக்கொள்ளும் சங்கம், தலைநகருக்கு வடக்கே உள்ள திக்லிப்பூர், ரங்கத் போன்ற ஊர்களிலும் வலுவாக வேண்டும். எடுப்பவர் இல்லாத இடத்தில் யார் இரண்டாவது மாடு வாங்குவார்கள்?

இலவசமாக வந்த பவுடர்

பவுடரை விரட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்தியாவின் வெண்மைப் புரட்சியே பவுடரில்தான் தொடங்கியது. 1970-இல் ‘ஆபரேஷன் ஃபிளட்’ ஆரம்பித்தபோது, ஐரோப்பாவில் மிதமிஞ்சிக் குவிந்த பால் பொருட்களிலிருந்து 1,26,000 டன் பால் பவுடரும் 42,000 டன் வெண்ணெய்க் கொழுப்பும் உலக உணவுத் திட்டம் வழியாக நன்கொடையாக வந்தன. திட்டத்தை முன்னின்று நடத்திய வர்கீஸ் குரியன் அதை மலிவு விலைக்கு வாரி இறைக்கவில்லை. பாலாக்கி, உள்ளூர் விவசாயியின் விலை சரியாதபடி சென்னை, மும்பை, கொல்கத்தா, தில்லி நகரங்களில் விற்றார். அந்தப் பணம் கிராமச் சங்கங்களாகவும் குளிர்சாதன வண்டிகளாகவும் பண்ணைகளாகவும் மாறியது. சங்கத்துப் பால் பெருகப் பெருக நன்கொடைப் பவுடரின் தேவை குறைந்தது.

இதற்கு நேர்மாறான அனுபவம் பாக் நீரிணைக்கு அப்பால் இருக்கிறது. இலங்கை தன் பால் தேவையில் பாதிக்கும் குறைவாகத்தான் கறக்கிறது. மீதியை நியூசிலாந்து முதலான நாடுகளின் பால்மா நிரப்பியது. மலிவாக, வசதியாக, வருடக்கணக்கில் நிரப்பியது. 2021-22-இல் டாலர் தீர்ந்தபோது கடைகளில் பால்மா மறைந்தது. கைக்குழந்தை உள்ள வீட்டார் வரிசையில் நின்றார்கள். தேநீர்க் கடைகளில் பிளேன்டீதான். ஒரு நாட்டின் ஏற்றுமதி வெற்றி இன்னொரு நாட்டின் தொழுவத்தைக் காலியாக்கக்கூடும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டாம்.

அந்தமானுக்கு இந்தியப் பெருநிலம் அப்படியொரு ஏற்றுமதி நாடு போல இருக்கிறது. குரியன் காட்டிய வழியில் போகிறோமா, இலங்கை போன வழியிலா என்பதை நாமே தீர்மானிக்கலாம். இரண்டு துறைமுகங்களும் நம்முடையவை.

என்ன செய்யலாம்?

தீவில் விற்கும் ஒவ்வொரு பவுடர் பால் பாக்கெட்டிலிருந்தும் ஒரு சிறு தொகை தீவுச் சங்கங்களுக்கென ஒதுக்கப்படட்டும். அந்தப் பணத்தில் தென்னந்தோப்புப் புல், சினை ஊசி, கிராமத்திலேயே பாலைக் குளிரவைக்கும் தொட்டி. தீவனத்துக்குக் கப்பலில் முன்னுரிமையும் சலுகைக் கட்டணமும். தீவுகளுக்கு இயற்கையே கடலை வேலியாகப் போட்டிருக்கிறது. இங்கே கோமாரி நோயை முற்றாக ஒழித்துக் காட்டுவது பெருநிலத்தைவிட எளிது. ஒழித்துக் காட்டினால் அது ஏற்றுமதிக்கான முதல் சான்றிதழுக்கும் முன்மாதிரி ஆகும்.

இதைத் தள்ளிப்போட நேரமில்லை. கிரேட் நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாவில் பெருந்துறைமுகமும் நகரமும் திட்டமிடப்பட்டுள்ளன. இப்போது சுமார் 8,000 பேர் வாழும் அந்தத் தீவில் லட்சக்கணக்கானோர் குடியேறுவார்கள் என்று கணக்குப் போடுகிறார்கள். காட்டையும் பழங்குடிகளையும் அது என்ன செய்யும் என்ற கவலை எனக்கும் உண்டு, அதற்குத் தனி அத்தியாயம் வேண்டும். அவ்வளவு பேருக்கும் பால் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை யாராவது இப்போதே கேட்டாக வேண்டும்.

என் கோரிக்கை ஒன்றே. தீவில் விற்கும் பால் பாக்கெட்டின் மேல், அதில் தீவு மாட்டுப் பால் எத்தனை சதவீதம் என்று அச்சிடுங்கள். முதல் ஆண்டில் அந்த எண் வெட்கப்படும்படி இருக்கலாம், பரவாயில்லை. ஆண்டுதோறும் அது ஏறுகிறதா என்று வாங்குகிற மக்களே பார்த்துக்கொள்வார்கள். 1,200 கிலோமீட்டர் தூரத்திலிருக்கும் தன் குடிமக்களுக்குப் பாலை அனுப்பிக்கொண்டே, அவர்களின் மாடுகளையும் வளர்க்கக் கற்றுக்கொண்ட நாடு, எந்த அயல்நாட்டுச் சந்தைக்கும் தைரியமாகப் போகலாம்.

(அடுத்த வாரம்: கார் நிக்கோபாரின் கொப்பரை)