நிழல், வசதி, பாதுகாப்பு: குழப்பம் எந்த மொழியில் இருக்கிறது?

ரஷ்ய மொழி பேசுகிறவர்களுக்கான ஆங்கிலப் பாடநூல்களில் 'குழப்பம் தரும் ஒத்தசொற்கள்' என்று ஒரு பகுதி அடிக்கடி வரும். ஷேட், ஷேடோ, கம்ஃபர்ட்டபிள், கன்வீனியன்ட், ஜாப், ஒர்க், சேஃப்டி, செக்யூரிட்டி என்று சொற்கள் ஜோடி ஜோடியாக நிற்கும். பக்கத்தில் வித்தியாசம் சொல்லி இரண்டு வாக்கியங்கள். மனப்பாடம் பண்ணு, போ, அவ்வளவுதான். இந்தப் பட்டியலை ஓர் ஆங்கிலேயரிடம் காட்டினால் அவர் முழிப்பார். ஷேடையும் ஷேடோவையும் யாராவது போட்டுக் குழப்பிக்கொள்வார்களா என்று கேட்பார். கேள்வி நியாயமானதுதான். அப்படியென்றால் குழப்பம் ஆங்கிலத்தில் இல்லை. பின்னே எங்கே இருக்கிறது?

ரஷ்ய மொழியில் 'தியேன்' என்று ஒரு சொல் உண்டு. வெயிலுக்கு ஒதுங்கும் மரத்தடியும் தியேன், சுவரில் விழும் ஆளின் கருத்த உருவமும் தியேன். தமிழ் வாசகருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நமக்கும் இரண்டும் நிழல்தான். ஆங்கிலம் இந்த ஒரே பரப்பின் குறுக்கே ஒரு கோடு போடுகிறது. யாருடையது, என்ன வடிவம் என்று கேட்க முடிந்தால் ஷேடோ. உள்ளே போய் உட்கார முடிந்தால் ஷேட். இந்தக் கோடு ஆங்கிலேயருக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த வேலி. ரஷ்யருக்கும் நமக்கும் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடிக்க வேண்டிய வேலி. ஆக, அந்த இரண்டு சொற்களும் ஆங்கிலத்துக்குள் ஒத்தசொற்களே அல்ல. ரஷ்ய மொழியிலிருந்து பார்க்கும்போதுதான் அவை ஒத்தசொற்கள் ஆகின்றன.

சசூர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1916இல் நூலாக வந்த அவரது மொழியியல் உரைகளில் இதற்கான விளக்கம் கிடைக்கிறது. பிரெஞ்சு மொழியில் மேய்கிற செம்மறியும் தட்டில் வைக்கப்படும் அதன் கறியும் ஒரே சொல், 'மூத்தோன்'. ஆங்கிலத்தில் ஒன்று ஷீப், இன்னொன்று மட்டன். பிரெஞ்சுச் சொல்லும் ஷீப்பும் ஒரே பொருளைச் சுட்டலாம். ஆனால் இரண்டுக்கும் ஒரே மதிப்பு இல்லை. ஏனென்றால் ஷீப்புக்குப் பக்கத்தில் மட்டன் நின்றுகொண்டு அதன் எல்லையைக் குறுக்குகிறது. சொல்லின் மதிப்பு அதற்குள் இல்லை, பக்கத்து வீட்டுச் சொல்லோடு அதற்குள்ள எல்லைத் தகராறில் இருக்கிறது. நம் நிகண்டுகள் ஒருபொருட் பன்மொழியையும் ஒருசொல் பல்பொருளையும் தனித்தனித் தொகுதிகளாகப் பிரித்தன. ஒரு மொழிக்குள் அது சரி. இரண்டு மொழிகள் சந்திக்கும் இடத்தில் இரண்டும் ஒரே விஷயத்தின் இரு பக்கங்களாகிவிடுகின்றன: ரஷ்ய மொழியின் ஒருசொல் பல்பொருள்தான், ஆங்கிலம் கற்கும் ரஷ்யருக்கு ஒருபொருட் பன்மொழியாகத் தெரிகிறது.

இன்னும் சில உதாரணங்கள். 'உதோப்னி' என்ற ரஷ்யச் சொல்லுக்கு நம் 'வசதியான' ஏறக்குறைய அப்படியே பொருந்தும். வசதியான நாற்காலி, வசதியான நேரம். ஆங்கிலத்தில் நாற்காலி கம்ஃபர்ட்டபிள், நேரம் கன்வீனியன்ட். முன்னது உடம்புக்கும் மனசுக்கும் இதம். பின்னது நம் காரியத்துக்கும் தோதுக்கும் ஒத்துவருவது. "அஞ்சு மணி உங்களுக்கு வசதிப்படுமா?" என்பதை ரஷ்ய மாணவர் கம்ஃபர்ட்டபிள் போட்டுக் கேட்டால், கேட்பவருக்கு அஞ்சு மணிமேல் ஏறி உட்காரச் சொன்ன மாதிரி இருக்கும். 'ரபோத்தா' நம் 'வேலை'. "எனக்கு வேலை இருக்கு" என்றால் உத்தியோகம் இருக்கிறதா, இப்போது செய்ய வேண்டியது இருக்கிறதா? தமிழில் குரலும் சந்தர்ப்பமும் சொல்லிவிடும். ஆங்கிலம் வாயைத் திறக்கும் முன்பே முடிவு கேட்கிறது: எண்ணக்கூடிய உத்தியோகம் ஜாப், எண்ண முடியாத உழைப்பு ஒர்க். 'பாலெத்ஸ்' என்பது விரல். ரஷ்யருக்கும் நமக்கும் விரல் இருபது. ஆங்கிலேயருக்குக் கையில் உள்ளவை மட்டும் ஃபிங்கர், காலில் உள்ளவை டோ. கட்டைவிரலைக்கூடச் சில சமயம் கணக்கில் சேர்க்கமாட்டார்.

எல்லா இடத்திலும் ரஷ்யரும் நாமும் ஒரே பக்கம் நிற்பதில்லை. 'உச்சீத்' என்ற வினை கற்பிப்பதையும் குறிக்கும், பாடம் படிப்பதையும் குறிக்கும். குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தாலும் உச்சீத், சொற்களை மனப்பாடம் செய்தாலும் உச்சீத். டீச், லேர்ன் என்ற ஜோடியில் ரஷ்ய மாணவர் தடுக்கி விழ இதுவும் ஒரு காரணம். தமிழ் மாணவர் இங்கே அவ்வளவாக விழமாட்டார். வேறு சில இடங்களில் விதியே கைவிட்டுவிடும். 'தேலத்' நம் 'செய்'. உருவாக்கினால் மேக், ஒரு செயலில் ஈடுபட்டால் டூ என்று பாடநூல் சொல்லும். ஆனால் தப்பு செய்வது ஏன் மேக், உதவி செய்வது ஏன் டூ? அங்கே அர்த்தம் பேசுவதில்லை. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்க்கை வைத்திருக்கிறது என்கிற பழக்கம்தான் பேசுகிறது. அதை விதி என்று சொல்லி மாணவரை ஏமாற்றாமல் இருப்பதே நல்லது.

ரஷ்ய மொழி ஏழை, ஆங்கிலம் பணக்காரன் என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். கோடுகள் எதிர்த்திசையிலும் ஓடுகின்றன. ஆங்கிலத்தின் ஒரே ப்ளூ ரஷ்ய மொழியில் இரண்டு நிறம்: அடர்நீலம் 'சீனிய்', வெளிர்நீலம் 'கலுபோய்'. 2007இல் ஜொனாதன் வினாவரும் லேரா பொரொதீத்ஸ்கி முதலியோரும் வெளியிட்ட ஆய்வில், இரண்டு நீலங்கள் இந்தக் கோட்டின் இரு பக்கமும் விழும்போது ரஷ்யர்கள் வேகமாகப் பிரித்தறிந்தார்கள். கூடவே எண்களை மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்படி செய்தபோது அந்த வேகம் போய்விட்டது. ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் இப்படியொரு சாதகமே தென்படவில்லை. அதாவது கண் ஒன்றுதான், பார்க்கும்போது மொழியும் கூடவே உட்கார்ந்திருக்கிறது. 'ப்ராவ்தா', 'ஈஸ்தினா' என்று உண்மையை இரண்டாகச் சொல்லும் ரஷ்யரின் முன், ட்ரூத் என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்கும் ஆங்கிலேயர்தான் குழம்ப வேண்டும்.

இதுவரை நாற்காலியும் விரலும். 'பெஸபாஸ்னஸ்த்' என்ற சொல்லுக்கு வரும்போது விஷயம் வேறாகிறது. சொல்லைப் பிரித்தால் 'ஆபத்தின்மை'. ஆங்கிலம் இதை உடைக்கிறது. இயந்திரம் கெடாமல், விபத்து நேராமல் மனிதரைக் காப்பது சேஃப்டி. கெட்ட எண்ணத்தோடு வருகிறவரிடமிருந்து காப்பது செக்யூரிட்டி. ரஷ்ய மொழியில் தொழிற்சாலைச் சுவரில் எழுதிய பாதுகாப்பு விதிகளிலும் இந்தச் சொல், 1954 முதல் 1991 வரை இருந்த கே.ஜி.பி.யின் பெயரிலும் இந்தச் சொல், ஐ.நா. பாதுகாப்பு அவையின் பெயரிலும் இந்தச் சொல். சர்வதேச அணுசக்தி முகமையின் ரஷ்ய ஆவணங்களில், அணுசக்தி செக்யூரிட்டியைக் குறிக்க 'பௌதிக' என்று ஒரு அடைமொழியைக் கூடுதலாகச் சேர்த்துத்தான் அதைச் சேஃப்டியிலிருந்து பிரிக்கிறார்கள்.

தமிழின் 'பாதுகாப்பு'க்கும் இதே கதிதான். 1988இல் சோவியத் யூனியனோடு ஒப்பந்தமாகி, ரஷ்யத் தொழில்நுட்பத்தில் கட்டப்பட்டது கூடங்குளம் அணு உலை. 2011, 2012இல் இடிந்தகரை மக்கள் போராடியபோது அவர்கள் கேட்டது ஒரு பாதுகாப்பு. ஊரைச் சுற்றிப் போலீஸ் நிறுத்திப் போடப்பட்டது இன்னொரு பாதுகாப்பு. 'பலத்த பாதுகாப்பு' என்று செய்தி வந்தால் அது யாருக்கு, எதிலிருந்து என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே அமுங்கிப்போகிறது. ரஷ்ய மாணவர் பரீட்சையில் சேஃப்டிக்குப் பதில் செக்யூரிட்டி எழுதினால் மதிப்பெண் போகும். அதிகாரம் அதே மயக்கத்தைச் செய்தால் யாரும் திருத்துவதில்லை. ஆங்கிலத்தில் கோடு இருப்பதால் அங்கே அதிகாரம் யோக்கியமாகிவிட்டது என்பதல்ல. கேள்வி கேட்பதற்கு அங்கே ஒரு சொல் கைவசம் இருக்கிறது. நாம் அந்தக் கேள்வியை ஒரு முழு வாக்கியமாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

அதனால் இந்தப் பட்டியல்களைத் திருப்பிப் போடலாம். ஆங்கில அகரவரிசையில் ஜோடிகளை அடுக்காமல், தியேன், உதோப்னி, பெஸபாஸ்னஸ்த் என்று ரஷ்யச் சொல்லைத் தலைப்பாக வைத்து, அது ஆங்கிலத்தில் எந்த இடத்தில், எந்தக் கேள்வியால் உடைகிறது என்று காட்டலாம். மாணவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தன் சொல் எவ்வளவு தூரம் விரிந்து கிடக்கிறது என்பதை. நமக்கான பட்டியலும் நிழலிலிருந்தும் வசதியிலிருந்தும் வேலையிலிருந்தும்தான் தொடங்கியாக வேண்டும். ரஷ்யருக்காக எழுதியதில் பாதி நமக்கும் பொருந்திவிடும். மீதிப் பாதியை நாம்தான் எழுத வேண்டும்.